ஏழுமலைக்கு மட்டும் ஆடிய ஜீப்

எங்கள் அபிராமபுரம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இப்போது இரண்டு காட்டு வண்டிகள் நிற்கின்றன. காட்டு வண்டி என்பது நான் வைத்த பெயர். வாரம் முழுக்கப் பெருங்குடி ஆபீசுக்குப் போய் வருவதுதான் அவற்றின் வனவாசம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் குளிப்பாட்டிக்கொண்டே கார்த்திக்கும் வினோத்தும் வழக்காடுவார்கள். கார்த்திக்கின் வண்டிக்கு முன்னால் கட்டை ஆக்ஸில், வினோத்தின் வண்டிக்கு இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். எது உசத்தி என்பதுதான் வழக்கு. இன்று ஞாயிறு, பால் வாங்க இறங்கிய என்னைப் பிடித்து நீதிபதியாக்கிவிட்டார்கள்.

“ஆன்ட்டி, நீங்க வாழ்நாள் பூரா ஜாக்கிக்குக் கீழ இருந்தவங்க. ஒரே வார்த்தைல சொல்லுங்க, எது பெஸ்ட்?” என்றான் வினோத்.

“ஒரே வார்த்தைல பால்தான் கேட்டு வாங்க முடியும்” என்று நகரப் பார்த்தேன்.

அப்போது கார்த்திக் போகிறபோக்கில் ஒன்று சொன்னான். “என் வண்டி பட்டு மாதிரி போகுது ஆன்ட்டி. நிவேதாதான் ஸ்டீரிங் ஆடுதுன்னு பயந்துகிட்டு இப்பல்லாம் எடுக்கறதே இல்ல, ஆபீசுக்குக் கேப்ல போறா. நான் ஓட்டறப்போ ஒரு தடவைகூட ஆடினதில்ல. அவளுக்கு இந்த சைஸ் வண்டி பழக்கமில்ல, அதான்.”

அவன் மனைவி நிவேதா லிஃப்ட் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சண்டைக்கு வரவில்லை. “ஆடுது ஆன்ட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

நான் பாலை மறந்துவிட்டேன். அந்தச் சொல்லை, அதே தொனியில், முன்பு ஒருவர் வாயில் கேட்டிருக்கிறேன். அவர் பெயர் ஏழுமலை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சாந்தோமில் எங்கள் வீட்டில் அத்தனை பேரும் ஆசிரியர்கள். அப்பா, பெரியப்பா, இரண்டு சித்திகள் எல்லாரும் சாக்பீஸ் பிடித்தவர்கள். எனக்குப் பொம்மையைப் பிரித்துப் பார்க்கும் புத்தி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் சேர்ந்தபோது பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து, “ஸ்டெல்லா நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே” என்று வருத்தப்பட்டார். படித்தேன், அப்ரன்டிஸ் முடித்தேன், அடையாற்றில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். என் பிரிவு முன்பக்கம்: சக்கரம், ஆக்ஸில், ஸ்டீரிங். வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது, ஏன் குதிக்கிறது, ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை.

இந்த இரண்டு வகைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு என் குடும்பத் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்வேன். கட்டை ஆக்ஸில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு. இரண்டு முன்சக்கரமும் ஒரே இரும்புத் தண்டின் இரு முனையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒருத்தி அசைந்தால் பக்கத்தில் இருப்பவளின் எழுத்தும் கோணும். இன்டிபென்டென்ட் என்பது தனித்தனி நாற்காலி. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதற்குச் செய்தி போகாது. பிறகு ஏன் இன்னும் பெஞ்சு செய்கிறார்கள் என்று கேட்டால், அதற்கு ஏழுமலையோடு குப்பைமேட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் காதர் சார். இராயப்பேட்டைக்காரர், வீட்டில் உருது, வெளியில் அப்பழுக்கில்லாத மெட்ராஸ் தமிழ். வாடிக்கையாளர்கள் பாய் என்பார்கள், நாங்கள் சார். வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதோடுதான் வண்டிக்கு அடியிலும் படுப்பார், அவர் மனைவிக்குத்தான் தண்டனை. ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று யாராவது போய்ச் சொன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “கண்ணுல தெரிஞ்சுதா, கையில தெரிஞ்சுதா?” கண்ணில் மட்டும் தெரிந்தது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். கையில் மட்டும் என்றாலும் அப்படியே. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஸ்பானரைத் தொடலாம்.

ஆடுகிற வண்டி வந்தால் ஒரு சடங்கு உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று ஆட்டிக்கொண்டே இருப்பார். மற்ற எல்லாரும் வண்டிக்கு அடியில் படுத்து, ஆளுக்கொரு இணைப்பில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தேய்ந்த இணைப்பு என்றால் விரலில் ஒரு சின்ன ‘டக்’ தெரியும். பேசக்கூடாது. தெரிந்தவர் காலை மட்டும் ஆட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வண்டியும், அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பல ஜோடிக் கால்களும்தான் தெரியும். புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளர் பயந்துபோய் வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஏழுமலை பெருங்குடி குப்பைக் கிடங்கில் ஜீப் ஓட்டினார். அந்த ஜீப்பை வைத்திருந்தது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. குப்பைமேடு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், எங்கே புகை கிளம்பினாலும் லாரி ஏற முடியாத இடத்துக்கு இந்த ஜீப் ஏறிப் போய்த் தண்ணீர் அடிக்க வேண்டும். பின்னால் இரண்டு பெரிய டிரம் தண்ணீரும் ஒரு பம்பும் பொருத்தியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓ.எம்.ஆர். ரோட்டில் வரும்போது வண்டி தடுப்புச்சுவரில் மோதிவிட்டது. பம்பர் நெளிந்ததோடு சரி, ஆனால் சூப்பர்வைசருக்குக் கை முறிந்தது. ஸ்டீரிங் ஆடியது என்றார் ஏழுமலை, அவர் குடித்திருந்தார் என்று கம்பெனியில் பேச்சு. வண்டியில் கோளாறு இல்லையென்று நாங்கள் சொல்லிவிட்டால் அவர் வேலை போகும், போலீஸ் வழக்கும் வரும், லைசென்சும் மிஞ்சாது.

வண்டியைக் கொண்டுவந்தவர் கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி சம்பத். கெட்ட மனிதர் இல்லை. “பாய், நானே மூணு தடவை ஓட்டிப் பாத்தேன். ஒரு ஆட்டமும் இல்ல. மனசாட்சிக்கு விரோதமா நான் எப்படி அவனுக்காகப் பேசறது?” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. எனக்கு இந்த வழக்கில் ஆர்வம் வந்ததே அதனால்தான். இருவருமே பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை, சொன்னது மட்டும் நேரெதிராக இருந்தது.

ஏழுமலை கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இன்னாக்கா சொல்றது. ஸ்டீரிங்கு என் கைல நிக்கலக்கா. சக்கரம் ரெண்டும் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடிக்கினே போச்சு. பிரேக்க அமுக்கினேன், இன்னும் ஜாஸ்தியாச்சு. அன்னிக்கு நான் டீகூட ஒழுங்கா குடிக்கலக்கா.” டம்ளரைத் திருப்பி என்னிடம் நீட்டினார். “ஆடுதுக்கா. யாரும் நம்ப மாட்றாங்க.”

சடங்கை நடத்தினோம். விரல்களில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு காலும் ஆடவில்லை. டயர்களைக் கழற்றிச் சுழலவிட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தன. பேரிங் இறுக்கம் சரி. காதர் சாரும் நானும் மாறி மாறிக் கடற்கரைச் சாலையில் ஓட்டினோம். வண்டி சாதுவாகப் போய்ச் சாதுவாகத் திரும்பியது. எனக்கு உள்ளூர எரிச்சல். ஏழுமலை மேலேயே கொஞ்சம் சந்தேகம்கூட வந்தது. அதைச் சாரிடம் சொன்னேன்.

“வண்டியக் கேட்டாச்சு” என்றார் அவர். “இன்னும் அந்த ஆளோட ஒரு நாளக் கேக்கல. நீ போய் அவன் பக்கத்துல உக்காரு. அவன் செய்யற எதையும் மாத்தாத.”

சம்பத்திடம் பேசி, கிடங்குக்குள் மட்டும் ஒரு நாள் ஏழுமலையை ஓட்டவிட அனுமதி வாங்கினார். ரோட்டுக்கு வரக்கூடாது என்று நிபந்தனை.

குப்பைமேட்டின்மேல் ஒரு வண்டி நடப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. நடப்பது என்றுதான் சொல்ல வேண்டும். என் பக்கச் சக்கரம் ஒரு குவியல்மேல் ஏறியது, அதே நேரம் ஏழுமலை பக்கச் சக்கரம் தானாகக் கீழே அழுந்திப் பள்ளத்தைப் பற்றிக்கொண்டது. நாங்கள் இருவரும் அதிகம் சாயவில்லை. எனக்கு வேலை மறந்துபோய், தலையை வெளியே நீட்டி அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

“உள்ள வாக்கா, கொக்கு கொத்திக்கினு போயிடும்” என்றார் ஏழுமலை. அன்றுதான் அவர் முதல்முறை சிரித்தார். “ஒரு பக்கம் ஏறுனா மறுபக்கத்த இது அமுக்கும். அதான் இந்த மேட்டுல நிக்குது. வேற வண்டின்னா ஒரு காலத் தூக்கிக்கினு நின்னுடும்.”

பெஞ்சின் பெருமை எனக்கு அங்கேதான் புரிந்தது. ஒன்றாகக் கட்டியிருப்பதால்தான் ஒரு சக்கரத்தின் ஏற்றம் மற்றதன் பிடிப்பாகிறது. ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் இரும்பு உருண்டையும் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், வண்டி எவ்வளவு அமுங்கினாலும் தரைக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி மாறுவதில்லை.

புகை கிளம்பிய இடமெல்லாம் தண்ணீர் அடித்தோம். மதியத்துக்குள் டிரம் இரண்டும் காலி. ஏழுமலை சாப்பிட நிறுத்தினார். நான் நாற்றத்துக்குப் பயந்து தூரமாகப் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சதுப்புநிலத்துக்கு அப்பால் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. அவற்றுக்கு முன்னால் எங்கள் ஜீப் மூக்கைக் கீழே கவிழ்த்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. காலையில் அது அப்படி நிற்கவில்லை. சமமாக நின்றதை நானே பார்த்தேன்.

“அண்ணே, மோதின அன்னிக்கு டிரம்முல தண்ணி இருந்துதா?”

“ஏதுக்கா. அன்னிக்குப் பொக எக்கச்சக்கம். மொத்தமும் காலி.”

“சம்பத் சார் ஓட்டிப் பாத்தப்போ?”

“ரொப்பித்தான் வெச்சிருப்பாங்க. எப்ப நெருப்பு வரும்னு தெரியாதுல்ல. வண்டி நிக்கறப்ப டிரம்மு ரொம்பி இருக்கணும், அது அவரு ரூல்.”

எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் அதே மரியாதைதான். தண்ணீர் வண்டி வந்தால் நிரப்பித்தான் நிறுத்துவோம், நிரப்பித்தான் அனுப்புவோம். ஆக, வண்டியைச் சோதித்த நாங்கள் எல்லாரும் நிறைந்த டிரம்மோடு ஓட்டினோம். காலி டிரம்மோடு ரோட்டில் வந்தவர் ஏழுமலை ஒருவர்தான். இன்னொன்றும் இருந்தது: சக்கரத்தின் உள்வட்டத்தில் குப்பைச் சேறு ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கனமே சக்கரத்தைச் சமநிலை தவறிச் சுழலவைக்கும். நாற்றம் பிடித்த வண்டியை யார் உள்ளே விடுவார்கள்? கழுவித்தான் கொண்டுவருவார்கள். அதனால் அதையும் நாங்கள் பார்த்ததே இல்லை.

ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். “கண்ணுல தெரிஞ்சுதா, கையில தெரிஞ்சுதா?” என்றார்.

“கண்ணுல சார்.”

“அப்ப பாதி வேலதான் ஆயிருக்கு.”

மறுநாள் ஜீப்பைச் சமதளத்தில் நிறுத்தினோம். சைக்கிளின் முன்கவை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போகிறது. ஜீப்பின் முன்சக்கரம் திரும்புகிற அச்சுக்கும் அதே சாய்வு உண்டு, அதற்குக் காஸ்டர் என்று பெயர். அந்த அச்சின் தலைமேல் சார் கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி ஒரு சின்னக் குமிழ் மட்டத்தை வைத்தார். டிரம் நிறைந்திருந்தது, குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. “தொற” என்றார். நான் குழாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற வாதாமரத்தின் வேருக்குத் தண்ணீர் போகப் போக, வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது, குமிழ் நகர ஆரம்பித்தது. கடைசிச் சொட்டு விழுந்தபோது அந்தச் சாய்வு கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. சாய்வு இல்லாத சக்கரம் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் மாதிரி, எப்போது வேண்டுமானாலும் படபடக்கும். அதிலும் இது பெஞ்சு. ஒரு சக்கரம் உதறினால் உதறல் தண்டு வழியே மற்றதற்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொள்ளும்.

பின்பக்கம் ஏன் இவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கச் சார் அடியில் படுத்தார். அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகளால் ஆன ஸ்பிரிங்கைக் கமான் பட்டை என்போம். பின் கமானில் வழக்கத்தைவிடக் கூடுதல் பட்டைகள் இருந்தன. டிரம் கனத்தில் வண்டி அமுங்குகிறது என்று சம்பத் கேட்டு, எங்கள் ஒர்க்‌ஷாப்தான் மழைக்காலத்துக்கு முன் போட்டுக்கொடுத்தது. செய்யச் சொல்லி ஒப்புதல் கொடுத்தவர் காதர் சார். நிறைந்த டிரம்மோடு சமமாக நிற்கிறதா என்று பார்த்து, திருப்தியோடு அனுப்பியிருக்கிறோம்.

சார் வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். கையில் இருந்தது எண்ணெய்த் துணி, கண்ணாடி இன்னும் மங்கியதுதான் மிச்சம்.

“சார், நம்ம பேரும் வெளிய வருமே” என்றேன். அந்தக் கம்பெனியின் வண்டிகள் அத்தனையும் எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தன. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

“நாமதானேம்மா போட்டோம். வரட்டும். சம்பத்தையும் ஏழுமலையையும் வரச் சொல்லு.”

பெருங்குடியில் கட்டடங்களுக்குப் பின்னால் அப்போது திறக்கப்படாத ஒரு நேர் ரோடு இருந்தது, நடுவில் ஒரு கல்வெர்ட்டு மேடு. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் நடமாட்டம் இல்லை. டிரம் காலி. கழுவாமல் சேற்றோடு வரச் சொல்லியிருந்தார் சார். ஏழுமலை ஓட்ட, சம்பத் பக்கத்தில். நான் ஆசையாகப் பின்னால் ஏறப்போனேன். சார் என் தோள்பையைப் பிடித்து இழுத்தார். “நீ கீழயே நில்லு. உன் வெயிட்டும் வெயிட்டுதான்.”

போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மேட்டில் முன்சக்கரம் தட்டியதுதான் தெரியும். இரண்டு சக்கரமும் இடவலமாக உதற ஆரம்பித்தன, பானெட் நடுங்கியது, ரோட்டில் டயர் அறையும் சத்தம் எங்கள் காதுவரை வந்தது. இந்த முறை ஏழுமலை பிரேக்கை மிதிக்கவில்லை. சார் சொல்லிக்கொடுத்தபடி காலை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வண்டியைத் தானாகத் தளரவிட்டார். எங்களுக்குச் சற்று முன்னால் வந்து நின்றது.

சம்பத் முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். வண்டி நின்ற பிறகும் விடவில்லை. ஏழுமலை அவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“சார், இப்ப நான் குடிச்சிக்கீறனா?”

சம்பத் கம்பியை விட்டார். இறங்கி, முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபக்கம் சுற்றி வந்து ஏழுமலையின் கதவருகில் நின்றார். “இல்ல ஏழுமலை. நான்தான் தப்பாச் சொன்னேன். நாளைக்கு ஆபீசுல எல்லார் முன்னாடியும் சொல்றேன்” என்றார். பிறகு எங்களிடம் வந்தார். “பாய், அந்தப் பட்டைய போடச் சொன்னதும் நான்தான்.”

“போட்டது நான்” என்றார் காதர் சார்.

சம்பத் சொன்னபடி சொன்னார். ஏழுமலை வேலைக்குத் திரும்பினார். கூடுதல் பட்டைகளைக் கழற்றினோம், டிரம்மைச் சிறிதாக்கி வண்டியின் நடுப்பக்கம் நகர்த்தினோம். கம்பெனி எங்களை விட்டுப் போகவும் இல்லை. ஆனால் சம்பத்துக்குக் கட்டை ஆக்ஸில் மேல் பயம் பிடித்துவிட்டது, அடுத்த வருடமே ஒரு இன்டிபென்டென்ட் வண்டி வாங்கினார். அது வந்த அன்று காதர் சார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அதன் அடியிலேயே கிடந்தார். ஓ.எம்.ஆரில் அது தொட்டில். குப்பைமேட்டில் வயிறு தட்டி நின்றது, ஏழுமலையின் ஜீப்தான் போய் இழுத்துவந்தது. இழுத்துவந்த பெருமையில் அவர் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். “ரோட்டுக்கு அது, மேட்டுக்கு இதுக்கா. ரெண்டுக்கும் இன்னா சண்ட?” என்றார். இன்டிபென்டென்டும் கோளாறே வராத சாமி இல்லை. அதன் இணைப்புகள் தேய்ந்தால் சத்தம் போடாது, டயரின் உள்விளிம்பை ரகசியமாகத் தின்னும். நீங்கள் குனிந்து பார்க்காதவரை தெரியாது.

இன்று காலை, மறந்த பாலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கார்த்திக் இன்னும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் எழும்பித்தான் நின்றது. போன மாதம் உயர்த்திக்கொண்டானாம்.

“நீ ஓட்டறப்போ பின்னாடி என்ன இருக்கும்?”

“டென்ட், டீசல் கேன், இழுக்கற செயின், டூல் பாக்ஸ். வீக்எண்ட் ட்ரிப்புக்குன்னு எப்பவும் ஏத்தியே வெச்சிருப்பேன் ஆன்ட்டி.”

“நிவேதா எடுக்கறப்போ?”

“அவ ஆபீசுக்குத்தானே போறா, எல்லாத்தையும் இறக்கி…” என்றவன் அப்படியே நிறுத்திவிட்டான். துணி அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

இது அதுதான் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணில்தான் தெரிந்திருக்கிறது, கையில் தெரிய வேண்டும். மேலே போய் நிவேதாவின் கதவைத் தட்டினேன். நாளைக் காலை அவள் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்கிறேன் என்றேன். அவள் சாவியைத் தேட உள்ளே போனாள், அப்போதே. படியேறி வந்த கார்த்திக், “நானும் பின்னாடி வரேன் ஆன்ட்டி” என்றான்.

“நீ கீழயே நில்லுப்பா” என்றேன்.